பேரரசரின் கட்டளையும் தேசம்மாவின் கதவும்

மணிமொழி டீச்சரின் வகுப்பில் அக்பர் வருவதற்கு முன்னால் ஒரு துணிப்பை வரும். ஆகஸ்டு மாதம் பிறந்ததும் பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பிள்ளைகள் அந்தப் பைக்குள் கைவிட்டு ஆளுக்கோர் அட்டையை எடுப்பார்கள். அட்டையில் ராஜா இருக்கமாட்டார், ராணியும் இருக்கமாட்டார். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, ஆட்டோமான் சுல்தானின் சலோனிக்கா நகரத்தில் கம்பளி நெய்யும் யூதர் ஒருவர் இருப்பார். போர்ச்சுகீசியரின் காவலுக்காக ஊரோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்ற, தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்கும் ஒருவர் இருப்பார். ஸ்பெயினின் வலென்சியாவில் வெளியே சிலுவை போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் கதவடைத்துத் தொழும் ஒரு முஸ்லிம் பெண் இருப்பாள். மதுராவில் யாத்திரை வரி ரத்தாகிவிட்டது என்ற சேதியை நம்ப முடியாமல் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் பூக்காரர் இருப்பார்.

மொத்தம் நாற்பது அட்டைகள். ஒரே ஒரு விதி. தன் வீட்டுச் சாமியைக் கும்பிடுகிற ஆள் கையில் வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் எடுத்து முடித்ததும் டீச்சர் எழுந்து நின்று பேரரசரின் கட்டளையை வாசிப்பாள். மாறு, அல்லது வரி கட்டு, அல்லது ஊரைவிட்டுப் போ. நாட்டுக்கு நாடு கட்டளை வேறு. அதைக் கேட்டு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதை மூன்று வாரம் நோட்டில் எழுத வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. யாரும் ஜெயிப்பதும் கிடையாது. ஒரு வருஷம் ருக்சார் என்ற பெண்ணுக்கு, கோவாவில் தன் ஊர் அம்மனை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய்க் காப்பாற்ற நினைக்கும் பெண்ணின் அட்டை வந்தது. அம்மனை எந்தப் படகில் ஏற்றுவது, மேலே என்ன மூட்டையைப் போட்டு மறைப்பது, படகுக்காரனை நம்பலாமா என்று அவள் ஒரு நோட்டு முழுக்கத் திட்டம் போட்டாள். அந்த நோட்டை மணிமொழி திருப்பித் தரவேயில்லை. வீட்டில் வைத்திருக்கிறாள்.

கடைசி நாள் வகுப்புதான் அவளுக்கு முக்கியம். அன்று ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, இதில் ஆவணத்தில் உள்ளது எது, தான் கற்பனையாகச் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். "உண்மையையும் நான் சேத்ததையும் கலந்து உங்க தலையில விட்டுட்டுப் போனா நான் சரித்திர டீச்சர் இல்ல" என்பாள்.

தி.நகரில் அந்தத் தனியார் பள்ளிக்கு அவள் வந்து சேர்ந்தது இருபத்தாறு வயதில். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து, மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த அம்மா தேசம்மாவின் சம்பளத்தில் எம்.ஏ. முடித்தவள். அவள் சேர்ந்த அதே நாளில் கே.கே. நகரிலிருந்து நந்தகுமாரும் வந்து சேர்ந்தான். அவனுக்கும் வரலாறுதான். ஆசிரியர் அறையில் காலியாக இருந்தது ஒரே மேசை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள், பதினோரு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையால் எழுதுவாள். அவனுக்குக் கணினி நன்றாக வரும். அட்டைகளை எல்லாம் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்செடுத்துக் கொடுத்தது அவன்தான். "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று அவள் கேட்டால், "உன் கையெழுத்த பசங்க படிக்க முடியாம பெயிலாயிட்டா?" என்பான்.

வெள்ளம் வந்து போனதற்கு அப்புறம் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியாயிற்று, நான்கு நாள் கெடு. நந்தகுமார் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தன் மச்சானின் குட்டி யானை வண்டியை ஓட்டிக்கொண்டு காலையிலேயே வந்து நின்றான். பாத்திரம், பீரோ, துணிமூட்டை எல்லாம் ஏறிவிட்டன. தேசம்மா மட்டும் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை.

"இன்னாம்மா, கெளம்பு" என்றாள் மணிமொழி.

"கதவக் கயட்டு."

"அங்க கதவு போட்டுத்தாம்மா வீடு குடுக்கிறாங்க."

"அவன் போட்டது அவன்து. இது என்து. கயட்டுடி."

அது அடையாற்றில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது தேசம்மா கேட்டு வாங்கி, ஐந்தாறு பேரைக் கெஞ்சித் தூக்கிவந்த கதவு. அது மாட்டப்பட்ட அன்றைக்குத்தான் அந்தக் குடிசை வீடாயிற்று என்று அவள் சொல்வாள். மணிமொழிக்குக் கோபம் வந்தது. சுற்றி ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடு மணி, அம்மா சொல்றாங்கள்ல" என்று சொல்லிவிட்டு நந்தகுமார் திருப்புளி கேட்டு வாங்கினான். துருப்பிடித்த கீலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியதில் அவன் விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்தது. கதவின் ஒரு பக்கத்தை மணிமொழி பிடித்தாள், மறுபக்கத்தை அவன் பிடித்தான். எட்டாவது மாடிக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள், லிப்ட் ஓடவில்லை. அங்கே இருந்த இரும்புச் சட்டத்தில் அது பொருந்தவில்லை. கடைசியில் செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைப் போட்டுத் தேசம்மா படுக்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷம்தான் பதினேழாம் எண் அட்டையை மணிமொழி திருத்தி எழுதினாள். பாரசீகத்து ஷா அப்பாஸ் போர் நடுவே ஜுல்பா என்ற ஊரையே காலி செய்யச் சொல்லி, அங்கிருந்த ஆர்மேனியக் கிறிஸ்தவர்களைத் தன் தலைநகரத்து ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோய்க் குடிவைத்த கதை அது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பழைய பாலத்தைக் கட்டிய வணிகரும் அங்கிருந்து வந்தவர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த அட்டையில் ஒரு வரி சேர்த்தாள்: 'உன் அம்மா வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டேன் என்கிறாள்.' தட்டச்சு செய்யும்போது நந்தகுமார் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அப்படியே தட்டச்சு செய்தான். கடைசி நாள் வகுப்பில், "இந்தக் கதவு மட்டும் பாரசீகத்துல நடந்தது இல்ல, நான் சேத்தது" என்று அவள் வருஷாவருஷம் சொல்லிவந்தாள். யாருடைய கதவு என்பதைச் சொன்னதில்லை.

பிறகு நந்தகுமாருக்குப் பெருங்குடியில் ஒரு கல்விச் செயலி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பிரிவுபசாரத்தில் அவன் அழுதான். "அட்டையோட கம்ப்யூட்டர் ஃபைலெல்லாம் ஞாபகத்துக்கு வச்சிக்கட்டுமா?" என்று கேட்டான். "உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன" என்றாள் அவள்.

இந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், வரலாற்று ஆசிரியர்களை எல்லாம் கணினி அறைக்கு வரச் சொன்னார்கள். புதிதாக வாங்கிய செயலியைப் பற்றி விளக்க அஸ்வினி என்ற இளம்பெண் வந்திருந்தாள். திரையில் உலக வரைபடம் விரிந்தது. அதன்மேல் சின்னச் சின்ன மனிதர்கள் முளைத்தார்கள். கம்பளி நெய்யும் யூதர். முத்துக்குளிப்பவர். பூக்காரர்.

மணிமொழிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தன் பிள்ளைகளைக் கூட்டத்தில் எதேச்சையாகப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் அஸ்வினி விளையாட்டின் விதியைச் சொன்னாள். மதம் மாறினால் உயிர் மூன்று கூடும். ஊரைவிட்டுப் போனால் சொத்து பாதியாகும். எதிர்த்து நின்றால் ஆட்டத்தை விட்டு வெளியே. முதலில் நூறு புள்ளி எடுப்பவர் பேரரசர் ஆகலாம்.

"பசங்களுக்கு ரொம்பப் பிடிக்குது மேம்" என்றாள் அஸ்வினி.

அடுத்து ஆர்மேனியர் வந்தார்கள். ஒரு பெண் முதுகில் கதவோடு நடந்தாள். அவள் பக்கத்தில் மஞ்சள் கட்டம் ஒன்று திறந்தது. 'உங்களுக்குத் தெரியுமா? இடம்பெயரும்போது வீட்டுக் கதவைச் சுமந்து செல்வது ஆர்மேனியர்களின் பழங்கால வழக்கம்.'

மணிமொழி எழுந்து நின்றாள். "இந்தத் தகவல் எங்கேருந்து எடுத்தது?"

"எங்க சாரோட ரிசர்ச் மேம். எல்லாமே அவர் பண்ணதுதான்" என்று சொல்லி அஸ்வினி கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கருத்தும் உருவாக்கமும்: நந்தகுமார்.

அன்று மதியம் தலைமையாசிரியை தேவானையின் அறைக்குப் போனாள். பத்து வருஷமாக அந்த நாற்பது அட்டைகளைப் பார்த்து வந்தவர், மேலதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் முதலில் மணிமொழியின் வகுப்புக்குத்தான் அழைத்துப்போவார்.

"மேடம், அது என் பாடம்."

"தெரியும்" என்றார் தேவானை.

அந்த ஒரு சொல்லை மணிமொழி எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்பார், விசாரிக்கிறேன் என்பார் என்று நினைத்து வந்திருந்தாள்.

"ஜனவரியில நந்தகுமார் வந்தாரு. இங்க வேலை பாத்தப்ப தயார் பண்ண பாடம், ஸ்கூலுக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர் கேட்டாரு. நிர்வாகம் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். உங்ககிட்ட பேசிட்டதா சொன்னாரு. நான் உங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் மேடம் கேக்கல?"

தேவானை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டா நீங்க இல்லன்னு சொல்லுவீங்களோன்னுதான்" என்றார். மறுபடி மாட்டிக்கொண்டு, "இப்ப ஒப்பந்தம் ஆயிடுச்சு மணிமொழி. உங்க வகுப்புலயும் இததான் நடத்தணும்" என்றார்.

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் அந்த ஜனவரி நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. நந்தகுமார் திடீரென்று ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவள் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துச் சாப்பிட்டான். "அம்மா கால் வலி தேவலையா?" என்று கேட்டான். ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறானே என்று அவள் தனக்கு ஒரு கவளம்கூட மிச்சம் வைக்காமல் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். கடிதம் அப்போது அவன் பையில் இருந்திருக்கிறது. அட்டைகள் போனதைவிட, மேடத்தின் கையெழுத்தைவிட, அந்தச் சாதம்தான் அவளை அறுத்தது.

சனிக்கிழமை பெருங்குடிக்குப் போனாள். அவன் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் நின்று போன் செய்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவன் ஓடிவந்தான்.

"மணி! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே!"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "கதவு யாருது நந்தா?" என்றாள்.

அவன் முகம் மாறியது. "பாத்துட்டியா."

"யாருதுன்னு கேட்டேன்."

"அம்மாவோடது." டீயை வாங்கினான், குடிக்கவில்லை. "ஒருத்தர் எழுதினத இங்க ஒம்போது பேர் மாத்துவாங்க மணி. நான் 'ஒரு பெண்'னுதான் குடுத்தேன். வழக்கம்னு ஆக்கினது நான் இல்ல."

"கீழ உன் பேர் இருக்கே. அதையும் ஒம்போது பேர் சேந்துதான் போட்டாங்களா?"

அவன் சாலையைப் பார்த்தான். "உன் பேரும் குடுத்தேன். வெளியாள் பேர் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. நான் சண்ட போட்டிருக்கணும். அப்ப என் வேலையே ஆட்டம் கண்டுக்கிட்டு இருந்துச்சு. புதுசா ஏதாவது காட்டு, இல்லன்னா கெளம்புன்னாங்க. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

"உன்கிட்டயா இருந்துச்சு?"

மணிமொழி நிறுத்தவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வாயிலிருந்து கழுவித் துடைத்து வைத்திருந்த ஆற்றங்கரைப் பேச்சு அப்படியே திரும்பி வந்தது. "ஜனவரில வந்தியே, என் டப்பாவுல துண்ணுக்கினு எங்கம்மாவ விசாரிச்சியே, அப்ப அந்த லெட்டர் உன் பையிலதான இருந்துச்சு? எப்டிய்யா உனக்கு சோறு எறங்குச்சு?"

டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டீயைப் பலகையில் வைத்தான். "சொல்லணும்னுதான் வந்தேன். நீ டப்பாவ தள்ளின பாரு, அதுக்கப்பறம் வாய் வரல." பிறகு அவசரமாக, "அடுத்த பாடத்துக்கு உன்ன ஆலோசகரா சேக்கச் சொல்றேன். நானே பேசறேன்" என்றான்.

"என் பேரு வேணாம். ஆலோசனையும் வேணாம். அந்தக் கதவ எடுத்துடு. அது அவங்க வழக்கம் இல்ல, பொய். பசங்களுக்குப் பொய்ய சரித்திரம்னு சொல்லாத. அவ்ளோதான்."

"எடுத்துடறேன். சத்தியமா."

ஜூலையில் செயலியைப் புதுப்பித்தார்கள். மஞ்சள் கட்டம் அப்படியே இருந்தது. கூடுதலாக, ஆர்மேனியர் கட்டத்தை முடிக்கும் பிள்ளைக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. தங்க நிறத்தில், பூவேலை செய்த சின்னக் கதவு. அவள் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். ஆபீஸில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. இன்னொரு முறை அனுப்பியபோதும் அதே பதில். மூன்றாவது முறை பதிலே வரவில்லை.

வீட்டில் தேசம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் தேசம்மா விடுவதாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அந்தத் தம்பி இன்னாடி, இந்தப் பக்கமே காணோம்? நல்லா கீதா?"

"நல்லாத்தாம்மா இருக்கான். வேலை ஜாஸ்தி."

"ஒரு நாளு இட்டுக்கினு வா. வஞ்சிரம் வாங்கியாந்து செஞ்சு போடறேன். அன்னிக்கி அது மட்டும் வரலன்னா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்? கையெல்லாம் ரத்தம், ஒரு வார்த்த மொணகலியே அந்தப் புள்ள."

மணிமொழி குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள். அம்மாவிடம் சொன்னால் தாங்குவாள், திட்டித் தீர்ப்பாள், இரண்டு நாளில் ஆறிவிடுவாள். அது தெரியும். ஆனால் அந்த நாளில் தேசம்மாவுக்கு நல்லதாக மிஞ்சியது அவன் உரிந்த கை ஒன்றுதான். அதைப் பிடுங்க மணிமொழிக்கு மனசு வரவில்லை. ஆகவே அவனைக் காப்பாற்றும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆகஸ்டு வந்தது. துணிப்பை அலமாரியில் கிடந்தது. கணினி அறையில் பிள்ளைகள் புள்ளிகளுக்காகக் கத்தினார்கள். "மச்சி, மதம் மாறிடுடா, உயிர் கூடும்!" என்று ஒருவன் சொல்ல, ஆறேழு பேர் சிரித்தபடி பொத்தானை அழுத்தினார்கள். ஒரு நோட்டுகூட எழுதப்படவில்லை. சாய்மா என்ற பெண் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்துவந்து மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், கதவ ஏன் தூக்கிட்டுப் போனாங்க? அவங்க சாமி சம்பந்தப்பட்டதா?"

"அவங்க தூக்கிட்டுப் போகலம்மா. அது தப்பான தகவல்."

"போட்டிருக்கே மிஸ்."

"போட்டிருக்கு. தப்பா போட்டிருக்கு. அவங்கள விரட்டினது நிஜம். போற வழியில எத்தனையோ பேர் செத்தது நிஜம். கதவு இல்ல."

சாய்மா திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். யாரை நம்புவது என்ற குழப்பம் அவள் முகத்தில் தெரிந்தது. மணிமொழிக்கு அவள்மேல் வருத்தமில்லை.

காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளை இன்னொரு பிரிவு ஆசிரியர் செயலியிலிருந்தே எடுத்திருந்தார். ஆர்மேனியரின் வழக்கம் ஒன்றைக் கூறுக, ஒரு மதிப்பெண். அவள் திருத்திய இரண்டு பிரிவுகளின் அறுபது விடைத்தாள்களில் ஐம்பத்து மூன்றில் கதவு இருந்தது. மணிமொழி ஐம்பத்து மூன்றையும் அடித்துச் சுழி போட்டாள். சாய்மா மட்டும், 'இந்தக் கேள்வி தவறு என்று எங்கள் மிஸ் சொன்னார்' என்று எழுதியிருந்தாள். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாள். இரண்டே நாளில் பெற்றோர்கள் வந்தார்கள். செயலியில் சரி என்று இருப்பதை டீச்சர் எப்படித் தப்பென்று சொல்லலாம் என்று கேட்டார்கள். தேவானை அவளைக் கூப்பிடவில்லை. விடைத்தாள்களைத் தன் அறைக்கு வரவழைத்து, பச்சை மையில் ஐம்பத்து மூன்று பேருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டியலைக் கையெழுத்துக்கு மட்டும் அவளிடம் அனுப்பினார். மணிமொழி கையெழுத்துப் போட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். சனிக்கிழமை சிறப்பு வகுப்பில், விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் புது அட்டைகள் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள். ஜப்பானில் பீங்கானாலான பௌத்தத் தெய்வச் சிலையை ரகசியமாக மாதாவாகக் கும்பிட்ட கிறிஸ்தவர்கள், பிரெஞ்சு ராஜா கொடுத்த வழிபாட்டு உரிமையை அவர் பேரனே ரத்துசெய்த பிறகு ஊரைவிட்டு ஓடிய புராட்டஸ்டண்ட் நெசவாளிகள் என்று புதிதாகப் பதினான்கு எழுதிவிட்டாள். அவள் குடும்பத்தில் நடந்த எதையும் இவற்றில் சேர்க்கவில்லை. எழுதிய தாளுக்கு நகல் கிடையாது.

நந்தகுமார் இருந்த நாற்காலியில் இப்போது ஷாஹுல் ஹமீது என்ற ஆசிரியர் உட்காருகிறார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசக்கூட மாட்டார். ஒருநாள் இடைவேளையில் அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், குடுங்க, நான் டைப் பண்ணித் தர்றேன். பசங்களுக்குப் படிக்க வசதியா இருக்கும்" என்று கை நீட்டினார்.

"வேணாம் சார்" என்று அவள் தாள்களை வெடுக்கென்று கவிழ்த்துவிட்டாள்.

அவர் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மெல்ல இழுத்துக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்று தன் நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினார். அவள் செய்தது தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மணி அடித்துவிட்டது. தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.